பள்ளிக் குப்பை: கேள்வி பதில்

கேள்வி (ஆசிரியை): மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு தொட்டி வைத்தோம். முதல் வாரம் ஒழுங்காகப் பிரித்துப் போட்டார்கள். இப்போது இரண்டிலும் எல்லாம் கிடக்கிறது.

பதில்: சாயங்காலம் அந்த இரண்டு தொட்டியும் ஒரே வண்டியில் கொட்டப்படுகிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் பிள்ளைகள் மேல் தப்பில்லை. "எப்படியும் ஒண்ணாத்தானே கொட்டப் போறாங்க" என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அதைச் சரிசெய்யாமல் எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும் வீண். அப்புறம், ஒரு தொட்டி வாசலிலும் இன்னொன்று வராந்தாக் கோடியிலும் இருந்தால், கிட்ட இருப்பதில்தான் எல்லாம் விழும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூடியில் வெறும் எழுத்து வேண்டாம். பென்சில் சீவல், பழத்தோல், காலி பேனா என்று தினமும் விழுவதைப் படமாக வரைந்து ஒட்டச் சொல்லுங்கள்.

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவி): பிஸ்கட் உறையின் உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னுகிறதே, அது மறுசுழற்சிக்குப் போகுமா?

பதில்: பெரும்பாலும் போகாதும்மா. பிளாஸ்டிக் மேல் மெல்லிய அலுமினியப் பூச்சு அது. இரண்டையும் பிரிப்பது கடினம். கசக்கிவிட்டுப் பார். தானாக விரிந்தால் இந்த வகை. கசங்கியபடியே இருந்தால் அலுமினியத் தாள். அந்தத் தாளைத் துடைத்துத் தனியாகச் சேர்த்து வை. அலுமினியத்தைத் தாதுவிலிருந்து எடுக்க ஆகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதம் இருந்தாலே பழையதை உருக்கிப் புதிதாக்கிவிடலாம்.

கேள்வி (அறிவியல் ஆசிரியர்): எங்கள் உரக்குழி நாறுகிறது. மூடச் சொல்கிறார்கள்.

பதில்: மூடாதீர்கள் சார். ஈரம் அதிகமாகி, உள்ளே காற்றுப் போகாததால் வரும் நாற்றம் இது. ஒரு வாளி பழத்தோலுக்கு இரண்டு, மூன்று வாளி சருகு போட்டுக் கிளறிவிடுங்கள். சருகில் அதிகம் உள்ள கரிமமும், பழத்தோல் போன்ற ஈரக் குப்பையிலிருந்து வரும் நைட்ரஜனும் எடையில் ஏறக்குறைய 30-க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக வேலை செய்யும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம். ஒழுகினால் சருகு போதவில்லை. எண்ணெய்ப் பண்டம் எதுவும் போடாதீர்கள், எலி வரும். பெரிய குவியலாக இருந்தால் நடுவில் 55, 60 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறும். நீளமான வெப்பமானி ஒன்றைச் செருகி மாணவர்களையே குறித்துவரச் சொல்லுங்கள். நுண்ணுயிர்ப் பாடத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடும்!

கேள்வி (பெற்றோர்): தாமதமாக வரும் பிள்ளைகளைக் குப்பை பொறுக்கச் சொல்கிறார்கள். சரியா?

பதில்: சரியே இல்லை. குப்பை அள்ளுவது கேவலமான வேலை என்பதுதான் அதில் மனதில் பதியும். துப்புரவுப் பணியாளரையும் அதே கண்ணால்தான் பார்ப்பார்கள். எல்லாருக்கும் முறை வைக்கட்டும், ஆசிரியர்களுக்கும் சேர்த்து.

கேள்வி (தலைமை ஆசிரியர்): காகிதத்தை மட்டும் எரிக்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. காகிதத்தோடு பேனா மூடியும் நோட்டு உறையும் கலந்தேதான் வரும். அவற்றில் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் இருந்து எரிந்தால் டையாக்சின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். பழைய காகிதக்காரரிடம் போட்டுவிடுங்கள்.

கேள்வி (மாணவர் தலைவன்): குப்பையைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஒரு நாள் குப்பையைப் பழைய விரிப்பில் கொட்டி, கையுறை போட்டு வகை பிரித்து, எடை போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் எழுதிய தாள்தான் அதிகம் என்றால், அதைத் தைத்துக் கணக்கு நோட்டாக்கலாம். ஒரு மாதம் கழித்து மறுபடி எடை போட்டு, இரண்டு எண்ணையும் அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். கழிவறைத் தொட்டி, உடைந்த கண்ணாடி, பேட்டரி மூன்றையும் நீங்கள் தொட வேண்டாம், பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.