டிக்கெட்டில் உள்ள நேரமும் வானத்தில் ஆகும் நேரமும்

ட்ராவல் ஆபீஸில் டிக்கெட் போட்டே பல வருடம் ஓட்டியவன் நான். சென்னையிலிருந்து கிளம்பும் விமானங்களின் தூரம், நேரம் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சார், மகளைப் பார்க்க சிங்கப்பூர் போகிறேன். இரவு 11 மணிக்கு ஏறினால் காலை 5.45க்கு இறங்கும் என்று போட்டிருக்கிறது. ஏழு மணி நேரமா உட்கார வேண்டும்?

இல்லையம்மா, நாலேகால் மணி நேரம்தான். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். சிங்கப்பூர் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. நீங்கள் இறங்கும்போது சென்னையில் மணி 3.15தான். தூக்கம் கெடும், அதுதான் சங்கடம்.

அதே வழிக்கு ஓரிடத்தில் 1,580, இன்னோரிடத்தில் 1,815, வேறொன்றில் 2,920 என்று தூரம் இருக்கிறதே, எது சரி?

மூன்றும் சரி. முதலாவது கடல் மைல், அடுத்தது சாதாரண மைல், கடைசி கிலோமீட்டர். கடல் மைல் ஒன்றுக்கு 1.852 கி.மீ.

2,920 கி.மீ. தூரத்தை மணிக்கு 850 கி.மீ. வேகத்தால் வகுத்தால் மூன்றரை மணிகூட வரவில்லை. மீதி முக்கால் மணி எங்கே போகிறது?

நல்ல கேள்வி. 850 என்பது மேலே ஏறி நிலையாகப் பறக்கும்போது உள்ள வேகம். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக மணிக்கு 460 கி.மீ.க்கு மேல் போக விடமாட்டார்கள். அப்புறம், டிக்கெட் நேரம் சக்கரம் தரையை விட்ட நொடியில் தொடங்குவதில்லை. விமானத்தைப் பின்னால் தள்ளும்போதே கணக்கு ஆரம்பம். அந்த ஊர் விமான நிலையத்தில் பயணிகள் இறங்கும் கேட்டில் போய் நிற்கும்போதுதான் முடிவு. இதை பிளாக் டைம் என்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் இதில் அடக்கம்.

வழியும் நூல் பிடித்த மாதிரி இருக்காது. நேர்கோடு போட்டால் வங்கக் கடலைத் தாண்டி கிரேட் நிக்கோபார் பக்கமாகப் போகும் (ராஜேந்திர சோழன் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பிய அதே கடல்). ஆனால் விமானம் குறித்து வைத்த வான்வழிகளில்தான் போகும், இடி மேகம் வந்தால் விலகும். இறங்கும் இடத்தில் கூட்டம் என்றால் வட்டமடிக்கும்.

யாழ்ப்பாணம் கொழும்பைவிடப் பக்கம். ஆனாலும் பயண நேரம் பெரிதாகக் குறையவில்லையே, அண்ணே?

யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலி சுமார் 355 கி.மீ., கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்க சுமார் 650 கி.மீ. ஆனால் யாழ்ப்பாணத்துக்குப் போவது இறக்கையில் விசிறி சுழலும் ஏடிஆர் 72. அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவுதான். கொழும்புக்கு ஜெட் போகிறது. ஏறி இறங்கும் நேரமும் தரையில் ஊரும் நேரமும் இரண்டுக்கும் உண்டு. அதனால் தூரம் பாதியானாலும் நேரம் பாதியாவதில்லை.

லண்டனுக்குப் போகும்போது அதிக நேரம், திரும்பும்போது குறைவு. ஏன்?

காற்றுதான். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று வீசுகிறது. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது முதுகில் தள்ளும். 8,200 கி.மீ. தூரத்தில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும், குளிர்காலத்தில் இன்னும் அதிகம்.

எங்கள் விமானம் 20 நிமிடம் முன்னதாக இறங்கியது. பைலட் வேகமாக ஓட்டினாரா?

அப்படி இருக்காது. தாமதமாகும் என்று முன்கூட்டியே நேரத்தைக் கொஞ்சம் தாராளமாகத்தான் போடுவார்கள். எனக்கும் ஒருமுறை அப்படி ஆனது. சீக்கிரம் இறங்கி, கேட் காலியாகாமல் அரை மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம்.