அந்தக் கேமராவை இன்னொரு கை திறக்க வேண்டாம்

கேள்வி: எனக்கு ஊர் கோபிசெட்டிபாளையம். காலமான என் அப்பா ஸ்டுடியோ வைத்திருந்தார். அவருடைய யாஷிகா எலெக்ட்ரோ 35 ஃபிலிம் கேமராவில் ரேஞ்ச்ஃபைண்டர் (ஃபோகஸ் சரியா என்று பார்த்துக்கொள்ளும் அமைப்பு) மங்கிப்போனதால், கோவையில் ஒரு ரிப்பேர்காரரிடம் கொடுத்தேன். 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். இப்போது வியூஃபைண்டர் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் ஃபோகஸ் செய்ய நடுவில் தெரிய வேண்டிய இரட்டைப் பிம்பம் அடியோடு இல்லை. கேட்டால், "பழைய சாமான், அப்பவே சொன்னேனே" என்கிறார். வேறு கண்ணாடி போட்டுத் தருகிறாராம். அவர் கை இனி அதில் படவே கூடாது. பதினான்கு மாதம் ஆகிவிட்டது. திருச்சியில் ஒரு மெக்கானிக் திறந்து பார்த்து, தப்பு யாருடையது என்று எழுதித் தருவதாகச் சொல்கிறார். அதை வைத்து மூன்று லட்சம் நஷ்ட ஈடு கேட்கலாமா? போலீஸில் மோசடிப் புகார் கொடுக்கலாமா?

பதில்: திருச்சிக்கு அனுப்பாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் பாதிக்கு மேல் அப்பாவைப் பற்றியும், ரிப்பேர்காரர் பேசிய பேச்சைப் பற்றியும்தான் இருக்கிறது. படிக்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் வழக்கு என்று போனால் அதில் எதுவும் நிற்காது. போலீஸ் புகாரும் வேண்டாம். மோசடி என்றால் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். வேலையைக் கெடுத்தது மோசடி ஆகாது.

நிற்கப்போவது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரே வரி. கேமராவைப் பிரிக்கும் முன் அவர் வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். நீங்கள் "பரவாயில்லைங்ணா, பாத்துப் பண்ணுங்க" என்று பதில் போட்டிருக்கிறீர்கள். அந்த வாய்ஸில் அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதவில்லை. உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். இந்த மாதிரிக் கேமராக்களில் வியூஃபைண்டருக்குள் ஒரு பாதிக்கண்ணாடி உண்டு. மேலே மெல்லிய உலோகப் பூச்சு. வெளிச்சத்தில் கொஞ்சத்தை உள்ளே விடும், கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். திருப்பி அனுப்புவதுதான் அந்த இரண்டாவது பிம்பம். யாஷிகா எலெக்ட்ரோ 35 முதலில் வந்தது 1966இல். இத்தனை வருடத்தில் கண்ணாடிகளில் புகை மாதிரி ஒரு படலம் படிந்திருந்தால், துடைத்தால் தெளியும். பூச்சே தேய்ந்திருந்தால், துடைத்துப் பயனில்லை. கண்ணாடியைத்தான் மாற்ற வேண்டும். பூச்சுப் பக்கத்தைப் பஞ்சில் திரவம் தொட்டுத் துடைத்தால், அழுக்கோடு பூச்சும் வந்துவிடும். அப்போது வியூஃபைண்டர் பளிச்சென்று ஆகிவிடும், இரட்டைப் பிம்பம் போய்விடும். நீங்கள் சொல்கிற அறிகுறி அதோடு பொருந்துகிறது.

1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டம், பிரிவு 151: வேலைக்காக ஒப்படைத்த பொருளை, சாதாரண விவேகமுள்ள ஒருவர் அதே மாதிரியான தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வது போல் பார்த்துக்கொள்ள வேண்டும். "பழசு, ஒண்ணும் சொல்ல முடியாது" என்று பொதுவாகச் சொன்னால், கவனக்குறைவாகத் துடைக்க அது அனுமதிச் சீட்டு ஆகாது. ஆனால் "இந்தக் கண்ணாடியைத் தொட்டால் பூச்சு போனாலும் போகும், செய்யட்டுமா?" என்று அவர் கேட்டு, அதற்கு நீங்கள் "பரவாயில்லைங்ணா" என்று சொல்லியிருந்தால், உங்கள் வழக்கு பாதிக்கு மேல் படுத்துவிட்டது. முதலில் அந்த வாய்ஸை நிதானமாக இரண்டு தடவை கேளுங்கள். அந்த மொபைலை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். அதைச் சாட்சியமாகக் கொடுக்க, 2023ஆம் வருட பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி சான்றிதழ் வைக்க வேண்டிவரும். மெசேஜ் உங்கள் கையில் இருந்தால்தான் அது நடக்கும்.

இனி திருச்சி விஷயம். என்னிடம் வருகிறவர்கள் அடிக்கடி விழுகிற குழி இது.

பெருந்துறைப் பக்கம் ஒரு விவசாயி. போர்வெல் மோட்டாரை ரீவைண்டிங் கொடுத்து வாங்கி இறக்கினார். பதினோராம் நாள் எரிந்துவிட்டது. மஞ்சள் தண்ணீருக்குக் காய்கிறது. மனுஷர் என்ன செய்வார், அடுத்த பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அவர்கள் எரிந்த காயிலை வெட்டி எடுத்தார்கள், புதுசு சுற்றினார்கள், பழைய காப்பரை எடை போட்டுப் பில்லில் கழித்தார்கள். "முதல் பட்டறைக்காரர் மெல்லிய கம்பி போட்டிருக்கிறார்" என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்கள். நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது ஒரே கேள்வி: "அந்தக் காயில் எங்கே?" காயில் எடைக்குப் போய்விட்டது. எழுதிக் கொடுத்தவர் பிரமாண வாக்குமூலம் தர மறுத்துவிட்டார். ஒரே தொழில், தினமும் முகம் பார்க்க வேண்டியவர்கள். விவசாயி சொன்னது உண்மைதான் என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன். ஒரு சாண் கம்பி கையில் இருந்திருந்தால் போதும், தீர்ப்பே வேறு மாதிரி வந்திருக்கும்.

உங்களுக்கு அந்தக் காயில், நகத்தளவுக் கண்ணாடித் துண்டு. துடைத்த தடம் இருந்தால் அதில்தான் இருக்கும். திருச்சி மெக்கானிக் நல்லவராகவே இருக்கட்டும். அவர் திறந்த நிமிடத்திலிருந்து எதிராளி கேட்பார்: "பூச்சு என் கையில் போனதா, அவர் கையில் போனதா?" சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார் கொடுத்தவருக்குத்தான் என்று 2021இல் எஸ்.ஜி.எஸ். இந்தியா – டால்ஃபின் இன்டர்நேஷனல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒப்படைத்த பொருள் கெட்டால், கவனமாகத்தான் பார்த்தேன் என்று வாங்கியவர் காட்ட வேண்டும் என்ற வாதமும் நமக்கு உண்டு. ஆனால் அதை எழுப்பவே, கொடுத்த அன்று கேமரா எப்படி இருந்தது, திரும்பிய அன்று எப்படி இருந்தது என்று நீங்கள் காட்டியாக வேண்டும்.

ஆகவே கேமராவை அப்படியே வையுங்கள். வியூஃபைண்டரில் மொபைலை ஒட்டி வைத்து, ஒரு கதவு நிலையைப் பார்த்தபடி, ஃபோகஸ் வளையத்தை 0.8 மீட்டரிலிருந்து இன்ஃபினிட்டி (வெகு தூரம்) வரை மெதுவாகத் திருப்பி ஒரு வீடியோ எடுங்கள். இரட்டைப் பிம்பம் இருந்தால் வளையம் திரும்பும்போது நிலை இரண்டாகப் பிரிந்து தெரியும். ஒன்றாகவே தெரிந்துகொண்டிருந்தால் அது நல்ல சாட்சியம். திறப்பதானால் இரண்டு பேரும் இருக்கும்போது, வீடியோவில் திறக்க வேண்டும். இல்லையென்றால் ஆணையத்தில் மனுப் போட்டு ஒரு நிபுணர் முன்னிலையில்.

மூன்று லட்சம் என்ற எண்ணை விட்டுவிடுங்கள். இந்த மாடல் பழைய சந்தையில் ஆயிரங்களில் போகிற கேமரா. அப்பா கையில் இருந்தது என்பதற்கு ஆணையம் தனி விலை போடாது. மன உளைச்சலுக்கு ஏதோ ஒரு தொகை தரலாம்; அது நீங்கள் நினைக்கிற தொகையாக இருக்காது. ஈரோட்டுக்கு எத்தனை வாய்தா நடப்பீர்கள் என்று யோசியுங்கள்.

என் யோசனை, சமாதானமாகப் போங்கள். அவர் கண்ணாடி போட்டுத் தருகிறேன் என்றது உங்களுக்குச் சாதகமான வார்த்தை. கோபத்தில் அதைத் தள்ளிவிட்டீர்கள். அவர் கை படக்கூடாது என்றால், செலவு அவருடையது, வேலை நீங்கள் இருவரும் ஒத்துக்கொள்கிற வேறொருவருடையது என்று எழுதிக்கொள்ளுங்கள். 1,800 ரூபாயையும் திருப்பிக் கேளுங்கள். கழற்றிய பழைய கண்ணாடி ஒரு கவரில், இரண்டு பேர் கையெழுத்தோடு, உங்களிடம் இருக்கட்டும். கண்ணாடி மாற்றினால் ரேஞ்ச்ஃபைண்டரை மறுபடி சரிக்கட்ட வேண்டும். தூரத்து மலை முகட்டைப் பார்த்தால் இன்ஃபினிட்டியில் இரண்டு பிம்பமும் மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் ஒன்றாக வேண்டும். ஒரு ரோல் எடுத்துக் கழுவிப் பார்க்காமல், "முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 69இன்படி புகாருக்குக் கெடு இரண்டு வருடம். உங்களுக்கு மீதம் பத்து மாதம். "அடுத்த வாரம் வாங்க, பாத்துக்கலாம்" என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பதால் அந்தக் கெடு நீளாது. இன்னும் மூன்று மாதத்தில் பேச்சு முடியவில்லை என்றால் என்னிடம் வாருங்கள். கேமராவைப் பிரிக்காமல் கொண்டு வாருங்கள். அந்த வாய்ஸ் மெசேஜ் இருக்கிற மொபைலும் வேண்டும்.