கடன் கொடுத்தவர் போன் அடித்தால் எடுக்கலாமா? – கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் சபையில் போன மாதம் ரோமர் 13:8, அதாவது கடன்படாதிருங்கள் என்ற வசனத்தைப் பற்றிப் பேசினேன். ஆராதனை முடிந்து டீ குடிக்கிற நேரத்தில் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினார்கள், பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள், கடனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க வாட்ஸ்அப்பில் கேள்விகள் வந்து குவிந்தன. நான் இருபத்தாறு வருடம் கடன் வசூல் பிரிவில் வேலை பார்த்தவன். அதாவது உங்களுக்குப் போன் அடித்த ஆள். இப்போது சபையில் மூப்பன்; வக்கீல் இல்லை. பெயர்களை எடுத்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

அங்கிள், வேலை போய் நான்கு மாதம் ஆகிறது. கார் தவணை, துணிக்கடை கணக்கு, பர்சனல் லோன் எல்லாம் அப்படியே நிற்கின்றன. "ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள்" என்கிறாரே பவுல், நான் பாவத்தில் இருக்கிறேனா? (பீனிக்ஸ்)

இல்லை தம்பி. 2 இராஜாக்கள் 4-ஐ எடுத்துப் பாருங்கள். கர்த்தருக்குப் பயந்த மனுஷன்தான் கடனோடு செத்துப்போகிறான். கடன் கொடுத்தவன் அவனுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்க வந்து நிற்கிறான். எலிசா அந்த விதவையைத் திட்டவில்லை. "வீட்டில் என்ன இருக்கிறது?" என்றுதான் கேட்டார். எண்ணெய் பெருகின பிறகு அவர் சொன்ன வரிசையையும் கவனியுங்கள்: விற்று முதலில் கடனைத் தீர், மீதியில் நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள்.

உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று நானும் கேட்கிறேன். லோன் எடுத்தபோது மாதாமாதம் கிரெடிட் லைஃப் இன்சூரன்ஸ் என்று ஒரு தொகை பிடித்திருப்பார்களே? 2017 ஆகஸ்டுக்குப் பிறகு எடுத்த கடனாக இருந்து, கம்பெனியே உங்களை ஆட்குறைப்பில் நிறுத்தியிருந்தால், பன்னிரண்டு மாதம் வரை அந்த இன்சூரன்ஸ் தவணையைக் கட்டவேண்டி வரலாம். பாதிப்பேர் இதைக் கேட்பதே இல்லை. நாங்களும் போனில் சொன்னதில்லை, அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நாளைக்கே பாலிசியைக் கேளுங்கள்.

அப்புறம், போனை எடுங்கள். "இந்த மாதம் முந்நூறு ரேண்ட்தான் முடியும்" என்று சொன்னவரின் கணக்கில் நாங்கள் ஒரு குறிப்பு போட்டு வைப்போம். நம்பரை மாற்றினவர் நேராக வக்கீல் பட்டியலுக்குப் போவார். சங்கீதம் 37:21-இல் கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிற துன்மார்க்கன் என்று இருப்பது இந்த இரண்டாவது ஆளைத்தான் என்று நினைக்கிறேன். இல்லாமை பாவமில்லை, ஒளிந்துகொள்வதில்தான் பாவம் தொடங்குகிறது.

கடன் சட்டத்தின் 129-ஆம் பிரிவு என்று போட்ட கடிதம், அதாவது கோர்ட்டுக்குப் போவோம் என்ற எச்சரிக்கை, வந்தால், பிரிட்ஜ் மேல் ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் செருகாதீர்கள். கோர்ட்டுக்குப் போகும் முன் அவர்கள் பத்து வேலை நாள் பொறுக்க வேண்டும். அதற்குள் பதிவு பெற்ற டெப்ட் கவுன்சிலரைப் பாருங்கள். அவர் உங்கள் கடன்களைப் பார்த்துத் தவணைகளை மாற்றியமைக்கும் டெப்ட் ரிவியூவில் இருக்கும்வரை புதுக் கடன் வாங்க முடியாது. நம்மில் பலருக்கு அது நல்லதுதான்.

தசமபாகம் கொடுத்தால் தவணைக்குக் காசு இல்லை. எதை நிறுத்துவது? (டோங்காட்)

தசமபாகத்தை. பாஸ்டருக்கு என் மேல் கோபம் வரும், பரவாயில்லை. பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் "கொர்பான்", அதாவது காணிக்கை, என்று சொல்லிக் கோவிலுக்கு எழுதிவைத்தவர்களை இயேசு கண்டித்தார். வேறொருவனுக்குச் சேரவேண்டிய காசைக் காணிக்கைப் பையில் போட்டால் அது உங்கள் காணிக்கை ஆகாது.

எங்கள் ஆயா (பாட்டி) மஷோனிசாவிடம், அதாவது பதிவு இல்லாத வட்டிக்காரரிடம், ஆயிரம் ரேண்ட் வாங்கினார். மாதம் நூற்றுக்கு ஐம்பது வட்டி. அவருடைய அரசு பென்ஷன் வரும் சாசா கார்டும் அந்த ஆளிடம்தான் இருக்கிறது. வாக்குக் கொடுத்தாயிற்று, கட்டித்தான் ஆகவேண்டும் என்கிறார். (மெரேபேங்க்)

இந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். பென்ஷன் நாளில் ஏடிஎம் பக்கத்தில் பிஸ்கட் டின்னோடு நிற்பார்கள். டின்னுக்குள் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டின கார்டுகள், ஒவ்வொன்றின் பின்னாலும் பேனாவால் எழுதின பின் நம்பர். பாட்டிமார் வரிசையில் நின்று சொந்தக் காசையே கை நீட்டி வாங்கிப் போவார்கள்.

கடனுக்கு ஈடாகக் கார்டையும் பின் நம்பரையும் வைத்துக்கொள்வது குற்றம். பதிவு செய்யாமல் வட்டிக்கு விடுவதும் சட்டவிரோதம். பதிவு பெற்றவருக்கே குறுகிய காலக் கடனில் முதல் தடவை மாதம் நூற்றுக்கு ஐந்து, அதே வருடம் மறுபடி வாங்கினால் மூன்றுதான் உச்சவரம்பு. உபாகமம் 24:6 திரிகைக் கல்லை அடகு வாங்காதே என்கிறது, அது ஜீவனையே அடகு வாங்குவது போலாகும். ஆயாவின் திரிகைக் கல் அந்தக் கார்டு. கார்டு கொடுத்த இடத்தில் சொல்லி அதை நிறுத்திப் புதியது எடுங்கள். தனியாகப் போய் அந்த ஆளிடம் சண்டை போடாதீர்கள், போலீசில் சொல்லுங்கள்.

ஆயாவின் மனசாட்சிக்கு மதிப்புக் கொடுத்தே இதைச் சொல்கிறேன்: வாங்கின ஆயிரம் கடன்தான், அதைக் கட்டட்டும். அதற்குமேல் ஏற்கெனவே போயிருந்தால் கணக்கு முடிந்தது. "கொடுக்கவேண்டும்" என்று எவனோ சொன்னதெல்லாம் நியாயமாகிவிடாது. நம் முன்னோர் கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தம் முடித்து இங்கேயே தங்கினால் வருடம் மூன்று பவுன் வரி என்று நேட்டாலில் 1895-இல் சட்டம் போட்டார்கள். அதைக் கட்ட முடியாமலே எத்தனையோ பேர் மறுபடி ஒப்பந்தக் கூலியானார்கள். 1913-இல் வேலைநிறுத்தம் செய்தார்கள், 1914-இல் வரி போயிற்று. அவர்களை யாரும் கடன் ஏய்த்தவர்கள் என்று சொல்வதில்லை.

மச்சான் வண்டிக் கடனுக்கு ஜாமீன் கேட்கிறார். (வெருலம்)

வேண்டாம். நீதிமொழிகள் 6:1-5, 17:18, 22:26. போடவேண்டிய கட்டாயம் வந்தால், அந்த முழுத்தொகையையும் நீங்களே கட்டத் தயாரா என்று முதலில் மனைவியிடம் கேளுங்கள். மச்சானிடம் அப்புறம் பேசலாம்.

2015-இல் விட்டுப்போன துணிக்கடைக் கணக்கு 1,800 ரேண்ட். யாரோ அதை வாங்கிவிட்டு இப்போது 9,400 கேட்கிறார்கள். காலாவதியான கடன் என்று சொல்லித் தப்பிக்கலாமாம். கிறிஸ்தவன் அப்படிச் சொல்லலாமா? (ஐசிபிங்கோ)

முதலில் கணக்கு. தவறின பிறகு ஏறுகிற வட்டியும் கட்டணமும் அப்போது நின்ற அசலைத் தாண்டக்கூடாது. அதனால் 3,600-க்கு மேல் எப்படியும் கேட்க முடியாது. மூன்று வருடமாக நீங்கள் காசு கட்டாமல், கடனை ஒப்புக்கொள்ளாமல், சம்மனும் வராமல் இருந்திருந்தால் கடன் காலாவதி. கோர்ட் தீர்ப்பு இருந்தால் மட்டும் முப்பது வருடம். அதைச் சரிபார்க்காமல் போனில் "கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறேன்" என்று சொல்லிவிடாதீர்கள்.

சொல்லலாமா என்றால், சொல்லலாம். ஏழு வருடத்துக்கு ஒருமுறை விடுதலை என்று உபாகமம் 15-இல் கர்த்தரே கடனுக்கு ஒரு முடிவு வைத்தார். பழைய கடன்களை மொத்தமாக அடிமாட்டு விலைக்கு வாங்குகிறவருக்கு நீங்கள் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டையைப் போட்டுத் தேய்த்தது நீங்கள். கையில் காசு வந்த பிறகும் 1,800 உறுத்தினால், அந்தக் கடைக்கே எழுதி வாங்கிக்கொள்வீர்களா என்று கேளுங்கள். கேட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். கடைக்காரர்களுக்கு அதை எந்தக் கணக்கில் வைப்பது என்றே தெரியவில்லை.

நான் கொடுத்தவள். சபையில் ஒரு சகோதரருக்கு 6,000 கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது புது டிவி வாங்கியிருக்கிறார். கேட்டால் "மன்னிக்கத் தெரியாதவள்" என்பார்களோ என்று பயம். (சாட்ஸ்வர்த்)

அக்கா, நம் தமிழ் வேதாகமத்தில் ஜெபமே "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்றுதான் இருக்கிறது, அதனால் உங்கள் சங்கடம் புரிகிறது. ஆனால் மன்னிப்பது நீங்கள் கொடுப்பது, அவர் எடுத்துக்கொள்வதல்ல. சொந்தபந்தத்திடம் வாங்கின கடன் எப்போதும் கடைசி வரிசைக்குப் போகிறது, காரணம் நீங்கள் 129 கடிதம் அனுப்புவதில்லை. கையில் இருக்கும்போது அயலானிடம் "நாளைக்கு வா" என்று சொல்லாதே என்ற நீதிமொழிகள் 3:28 அவருக்குத்தான்.

போய்க் கேளுங்கள். கடன் கொடுத்தவன் வாசலுக்கு வெளியே நிற்கவேண்டும், உள்ளே நுழையக்கூடாது என்று உபாகமம் 24 சொல்கிறது. அதனால் டிவியைப் பார்க்காதீர்கள், அதைப் பற்றிப் பேசாதீர்கள், அவர் பெண்சாதி பிள்ளைகள் முன்னால் கேட்காதீர்கள். மாதம் ஐந்நூறு, பன்னிரண்டு மாதம் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். கூட ஆள் வேண்டுமென்றால் சனிக்கிழமை நான் வருகிறேன்.