மார்பக இம்ப்ளாண்டை எடுத்துவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 44. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் சிலிக்கோன் இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டேன். வலி இல்லை, ஆனால் சில மாதங்களாக இடப்பக்கம் இறுகி, சற்று மேலேறித் தெரிகிறது. பத்து வருடம் ஆனாலே எடுத்துவிட வேண்டும் என்கிறார்களே?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: பத்து வருடம் என்று கெடு எதுவும் இல்லை, சகோதரி. ஆயுள் முழுக்க உழைக்கும் பொருளும் அல்ல. ஆண்டுக் கணக்கை விடுங்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த இடப்பக்கத்தை.

இம்ப்ளாண்டைச் சுற்றி உடல் ஒரு சவ்வுறையை வளர்த்துக்கொள்ளும். அது சுருங்கிப் பிடித்தால் மார்பு இறுகும். இந்த இறுக்கத்தை நிலைகளாகப் பிரிக்கும் பேக்கர் அளவீட்டில், தொட்டால் மட்டும் இறுக்கம் தெரிவது 2ஆம் நிலை, வடிவம் மாறுவது 3, வலியும் சேர்ந்தால் 4. நீங்கள் சொல்வது 3 போலத் தெரிகிறது. அந்த நிலையில் அறுவைச் சிகிச்சை நியாயமானதே. ஆனால் உள்ளே பை கிழிந்திருந்தாலும் இப்படி இறுகலாம். சிலிக்கோன் ஜெல் கெட்டியானது, கிழிந்தாலும் மார்பு வற்றாது. மாமோகிராம் இதற்குப் போதாது, எம்ஆர்ஐ எடுங்கள். கிழிசலை மட்டும் பார்ப்பதற்கு நரம்பில் மருந்து ஏற்றத் தேவையில்லை.

அதற்கு முன், அன்று கொடுத்த இம்ப்ளாண்ட் அட்டையைத் தேடி எடுங்கள். அட்டையில் பிஐபி (PIP) என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர் இருந்தால், கிழியாவிட்டாலும் எடுப்பது பற்றிப் பேசுங்கள். தொழிற்சாலைத் தர சிலிக்கோன் நிரப்பியதால் 2010இல் தடை செய்யப்பட்டது அது. அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் என்ற சொரசொரப்பான வகை, அரிய லிம்போமா புற்றுநோய்த் தொடர்பால் 2019இல் திரும்பப் பெறப்பட்டது. அறிகுறி இல்லாதவர்கள் அதை எடுக்க வேண்டும் என்று சொல்லப்படவில்லை. ஆனால் பல ஆண்டுகள் கழித்து ஒரு பக்கம் திடீரென வீங்கினால், கத்தி வைக்கும் முன்பே அங்கே சேர்ந்த நீரை ஊசியால் எடுத்து, அந்த லிம்போமாவைக் கண்டறிய உதவும் சிடி30 பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

“சவ்வுறையை ஒரு துண்டும் விடாமல் எடுங்கள்” என்று வற்புறுத்தாதீர்கள். அது லிம்போமாவுக்கான முறை. தசைக்குக் கீழே உறை விலா எலும்போடு ஒட்டியிருக்கும். சுரண்டினால் ரத்தம் கசியும், நுரையீரல் உறையில் ஓட்டை விழவும் கூடும். தடித்தது, சுண்ணம் படிந்தது, ஜெல் கசிந்தது என்றால் எடுக்கலாம். மெல்லிய உறையை விட்டுவைக்கலாம்.

எடுத்தபின் மார்பு தளர்ந்து தொங்கலாம். அதை உயர்த்தும் அறுவையை உடனே செய்வதா, சில மாதம் பொறுப்பதா என்று முன்பே பேசிவிடுங்கள். புகைப்பவரானால் நான்கு வாரம் முன்னரே நிறுத்துங்கள். இல்லையென்றால் காம்புப் பகுதித் தோல் கருகும் ஆபத்து உண்டு. உள்ளே சேரும் நீரை வடிக்கும் டிரெயின் குழாய் வைத்தால், 24 மணி நேரத்தில் சுமார் 30 மில்லிக்குக் கீழே வடியும்போது எடுப்பார்கள். நான்கிலிருந்து ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது.

மருத்துவர் பெயர் தேசிய நிபுணர் பதிவேட்டில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் இருக்கிறதா என்று பாருங்கள். அழகியல் கிளினிக் சான்றிதழ் இதற்கு ஈடாகாது.

கேள்வி: ஓயாத களைப்பு, மூட்டு வலி, முடி உதிர்வு. இம்ப்ளாண்டை எடுத்தால் சரியாகுமா?
– வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: இம்ப்ளாண்டுதான் காரணம் என்று உறுதி செய்யும் பரிசோதனை இல்லை. முதலில் தைராய்டு, இரும்புச் சத்து, சர்க்கரை, வாத நோய்க்கான ரத்தப் பரிசோதனைகளைச் செய்யுங்கள். எடுத்தபின் தேறிய பெண்கள் இருக்கிறார்கள், தேறாதவர்களும் இருக்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்தும் உங்களுக்கு வேண்டாம் என்று தோன்றினால், அதுவே போதுமான காரணம். காப்புறுதி செலவை ஏற்குமா என்பதை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.