தோடர் மொழிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துவைப்பது எப்படி?

வினா: உதகமண்டலத்துக்கு அருகே ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். வகுப்பில் தோடர் குழந்தைகள் சிலர் படிக்கிறார்கள். அவர்கள் வீட்டில் பேசும் சொற்களைத் திரட்டித் தமிழ் எழுத்தில் ஒரு சிறு சொற்பட்டியல் உருவாக்க விரும்புகிறேன். அது தமிழின் கிளைவழக்குதானே, காதில் விழுந்தபடி எழுதினால் போதாதா?

விடை: தமிழ் எழுத்தில் எழுதலாம், ஆனால் காதில் விழுந்தபடி எழுதினால் போதாது, ஏனெனில் தமிழ்க் காதுக்குத் தோடா மொழியின் ஒலிகளில் பல ஒன்றுபோலவே கேட்கும். தோடா தமிழின் வட்டார வழக்கு அன்று. அது தென் திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்த தனி மொழி. நீலகிரியிலேயே வாழும் கோத்தர் மக்களின் மொழிதான் அதற்கு மிக நெருங்கிய உறவு என்று பலரும் கருதுகிறார்கள். பேசுவோர் ஏறத்தாழ 2000 பேர் மட்டுமே. அவ்வளவு சிறிய மொழிக்கு மொழியியலாளர் மரே எமனோ 1930களில் நீலகிரியில் தங்கிச் சேகரித்த தரவுகளிலிருந்து 1984இல் ஒரு விரிவான இலக்கணம் வெளிவந்தது. 1970களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வழியாகச் சக்திவேலின் ஒலியியல் ஆய்வும் இலக்கணமும் வெளிவந்தன. ஆகவே நீங்கள் வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை.

முதலில் ரகரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் ஒலியியலாளர்கள் இம்மொழியைத் தேடி வந்ததற்கு அதுவே பெரிய காரணம். நாம் ர, ற என இரண்டு எழுத்து வைத்திருக்கிறோம். ஆயினும் இன்றைய பேச்சில் பெரும்பாலோர் இரண்டையும் ஒன்றாகவே ஒலிக்கிறோம். தோடா மொழியில் நா அதிர்ந்து எழும் ஆடொலிகள் மூன்று இடங்களில் பிறக்கின்றன: பல்லை ஒட்டி ஒன்று, சற்றுப் பின்னே பல்லீறின் மேட்டில் ஒன்று, நாவை மேல்நோக்கி வளைத்து ஒன்று. இம்மூன்றும் யகரச் சாயல் ஏறியும் ஏறாமலும் வருவதால் மொத்தம் ஆறு ஆகின்றன. 'கர்' என்று நமக்குக் கேட்கும் ஓரசைச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வகை ஆடொலியோடு சொன்னால் அது துணியின் கரை. இரண்டாம் வகையோடு சொன்னால் சாறு. மூன்றாம் வகையோடு சொன்னால் கன்றுகளை அடைக்கும் பட்டி. மூன்றையும் 'கர்' என்றே எழுதிய பட்டியல் யாருக்கும் பயன்படாது. ர்1, ர்2, ர்3 என்று எண்ணிட்டு எழுதுங்கள். அழகாக இராது, ஆனால் பிழையாகவும் இராது. யகரச் சாயல் இருந்தால் எண்ணுக்குப் பின் ஒரு சிறு 'ய்' சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த யகரச் சாயல் வேறு மெய்களிலும் வரும். தோடா மொழி சொல்லின் ஈற்று உயிரைப் பெரும்பாலும் இழந்துவிட்ட மொழி. இழந்த உயிர் இகரமாக இருந்த இடங்களில் அதன் தடம் மெய்யின் மேல் யகரச் சாயலாகத் தங்கியிருப்பதைப் பல சொற்களில் காணலாம். ஈற்றுயிர் போனதால் மெய்கள் நெருங்கி நிற்கும் சொற்களும் பெருகின. தமிழ் வழக்கப்படி இடையில் ஓர் உகரத்தை நுழைத்தோ, இறுதியில் இகரத்தைச் சேர்த்தோ எழுதத் தோன்றும். அந்த ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். தோடர்கள் போர்த்தும் பூத்தையல் ஆடையைப் 'பூத்துக்குளி' என்று நாம் இயல்பாக எழுதிவிடுகிறோம். அவர்கள் வாயில் அது ஈரசைச் சொல். நடுவில் உகரம் இல்லை, ககரத்தின் இடத்தில் தொண்டையருகே உரசும் ஒலி வருகிறது, இறுதியில் சாயலேறிய ளகரம் நிற்கிறது.

உயிரொலிகள் எட்டு வகை. ஒவ்வொன்றும் குறிலும் நெடிலுமாகப் பதினாறு. நம் அ, இ, உ, எ, ஒ ஆகியவற்றுக்கு வெளியே மூன்று உள்ளன. இதழ் குவியாத உகரம் அவற்றுள் ஒன்று. 'வந்து', 'பாட்டு' போன்ற சொற்களின் இறுதியில் நாம் ஒலிக்கும் குற்றியலுகரத்துக்கு அது நெருக்கமானது என்பதால் தமிழருக்கு எளிதில் வரும். வேறுபாடு என்னவென்றால், அங்கே அது சொல்லின் முதலிலேயே அழுத்தத்தோடு வரும். பெண் எருமையைக் குறிக்கும் சொல் அந்த உயிரில் தொடங்கி ரகரத்தில் முடிகிறது. ஆண் எருமை 'எர்'. எருமையையே வாழ்வின் நடுவில் வைத்திருக்கும் சமூகத்தில் இந்த இரண்டையும் குழப்பி எழுதுவது சிறிய பிழை அன்று. மற்ற இரண்டு உயிர்களும் இதழைக் குவித்துக்கொண்டு இகரத்தையும் எகரத்தையும் சொல்வதால் பிறப்பவை. எந்தக் குறி இடுகிறீர்கள் என்பது உங்கள் விருப்பம். ஒரு குறி ஓர் ஒலிக்கு மட்டுமே என்பதில் தளர்ந்துவிடாதீர்கள்.

தமிழ் உறவு உதவும் இடமும் உண்டு. எண்ணுப்பெயர்களைக் கேட்டால் ஒலிமாற்றத்தின் ஒழுங்கு தெரியும். பத்து என்பது 'பொ' என்று தொடங்கி, பற்களுக்கிடையே நாநுனி உரசும் ஒலியில் முடிகிறது. ஆறு என்பது 'ஓர்' போல ஒலிக்கிறது. அதாவது நம் அகர ஆகாரங்கள் பல சொற்களில் ஒகர ஓகாரங்களாகின்றன. பழைய ஈற்றில் ஐகாரம் இருந்த சொற்களில் அகரம் மாறாமல் நிற்பது வழக்கம். தலை என்பதற்கு 'தல்', கரை என்பதற்கு 'கர்' என வருவது அதனால்தான். இரண்டு, மூன்று ஆகியவற்றில் மூக்கொலி மறைந்து நெடில் உயிரும் ஒலிப்புடைய (குரல்நாண் அதிர எழும்) ஒரு மெய்யும் எஞ்சுகின்றன: முன்னதில் அம்மெய் நாவளை டகரம், பின்னதில் பல்லீறின் மேட்டில் பிறக்கும் வெடிப்பொலி. தகரம், டகரம் ஆகியவற்றுக்கு இடைப்பட்ட அந்த மூன்றாவது வெடிப்பொலி தோடா மொழியில் தனி ஒலி. அதன் ஒலிப்பிலா வடிவத்தை 'காற்று' என்பதை மலையாளிகள் சொல்லும்போது கேட்கலாம். ஒலிப்புடைய மெய்யும் ஒலிப்பிலா மெய்யும் அங்கே பொருளை வேறுபடுத்துவதால், நம் ஒரே ககரமும் பகரமும் போதா, அடிக்கோடிட்டு வேறுபடுத்துங்கள். சகர வகை உரசொலிகளிலேயே நான்கு இடங்கள் உண்டு. மூச்சு மட்டும் உரசிச் செல்லும் லகர ளகரங்களும் உண்டு. தோடர் தம்மைக் குறிக்கும் சொல்லே, நம் 'ஆள்' என்பதன் உறவாக, அத்தகைய ஒலியில்தான் முடிகிறது.

இலக்கணம் உங்களை இவ்வளவு துன்புறுத்தாது. வினைச்சொல் இறுதியில் வரும். உருபுகள் பெயருக்குப் பின் ஒட்டும். நாம், நாங்கள் என்ற வேறுபாடு 'ஒம்', 'எம்' என்று இருக்கிறது. ஆனால் அவன், அவள், அது என்ற பால் வேறுபாடு இல்லை. படர்க்கை வினைமுற்று ஒருமை பன்மையையும் காட்டாது. குழந்தை தமிழில் 'அம்மா வந்தான்' என்று சொன்னால் அதைக் கவனக்குறைவு என்று திருத்துவதற்கு முன் இதை நினைவில் கொள்ளுங்கள். வினைகளுக்கு இரண்டு அடிகள் உள்ளன. இரண்டாவது பழைய இறந்தகால அடியிலிருந்து வந்தது, ஒன்றைக் கொண்டு மற்றதை எப்போதும் ஊகிக்க முடியாது. எனவே ஒவ்வொரு வினைக்கும் ஏவலையும் இறந்தகாலத்தையும் சேர்த்தே கேட்டு எழுதுங்கள்.

குழந்தைகளிடம் மட்டும் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். பள்ளித் தமிழ் அவர்கள் ஒலிப்பில் கலந்திருக்கும். பெற்றோரின் ஒப்புதலோடு மூத்தவர் ஒருவரின் குரலைக் கைப்பேசியில் பதிவுசெய்து, ஒவ்வொரு சொல்லையும் இருமுறை தனித்தும் ஒருமுறை தொடரில் வைத்தும் சொல்லச் சொல்லுங்கள். ஆள்பெயர்களைத் துருவிக் கேட்க வேண்டாம். இறந்த உறவினரின் பெயரைச் சொல்லத் தயங்கும் வழக்கத்தை மானிடவியலாளர் ரிவர்ஸ் தோடரைப் பற்றிய தம் 1906ஆம் ஆண்டின் நூலிலேயே பதிந்திருக்கிறார். சில நாள் கழித்து, பதிவைக் கேளாமல், உங்கள் எழுத்தை மட்டும் பார்த்து அச்சொற்களை வேறொரு தோடர் பெரியவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் பொருள் சொல்லத் தடுமாறும் சொற்களில்தான் உங்கள் குறியீடு போதவில்லை. அந்த இடங்களில் மட்டும் பதிவை மீண்டும் கேட்டுத் திருத்துங்கள்.