நாலரை வயதுப் பையன் தானாகச் சாப்பிட

சகோதரி, மகனுக்கு நாலரை வயதாகியும் பாட்டி ஊட்டினால்தான் சாப்பிடுகிறான், பள்ளிக்குக் கொடுத்துவிடும் டப்பா அப்படியே திரும்பி வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பையனிடம் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பழக்கம் விடவில்லை, அவ்வளவுதான். இரண்டு விரலால் பொறுக்கி எடுப்பது 9, 10 மாதத்திலேயே வந்துவிடுகிற திறமை.

முதலில் டப்பாவைப் பாருங்கள். மூடியை அவனாகத் திறக்கிறானா? என் மகளின் டப்பா இரண்டு வாரம் திரும்பி வந்ததற்கு இறுகிய மூடிதான் காரணம். மிஸ்ஸிடம் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு பசியோடு இருந்திருக்கிறாள். இன்றும் நினைத்தால் மனது கஷ்டப்படுகிறது. குழைந்த சாம்பார் சாதத்தைச் சின்னக் கையால் அள்ளுவதும் சிரமம்தான். குட்டி இட்லி, நறுக்கிய தோசை, சுருட்டிய சப்பாத்தி என்று எடுத்துக் கடிக்கிற மாதிரி கொடுங்கள்.

அப்புறம் வீட்டில் இரவுச் சாப்பாட்டை மட்டும் மாற்றுங்கள். போன் வேண்டாம். பாட்டியும் தன் தட்டோடு பக்கத்தில் உட்காரட்டும். அவரை விலக்கினால் இருவருக்குமே வருத்தம். முதல் ஐந்தாறு வாய் அவன் கையால், மிச்சம் பாட்டி கையால். சிந்தினால் திட்டாதீர்கள், கீழே பழைய துணி விரித்தால் போதும். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள்.

எடை குறைந்தாலோ, விழுங்கும்போது திணறினாலோ மட்டும் தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.