6.25 பாக்கெட் எப்படி வந்தது?

காரைக்குடி பலகாரக் கடைக் கணக்குதானே: ஒரு பாக்கெட் சீப்புச்சீடை ₹65, தேன்குழல் ₹40, விற்றது மொத்தம் 45 பாக்கெட், வசூல் ₹2,200; எது எத்தனை பாக்கெட் விற்றது என்பது கேள்வி. உங்களுக்குச் சீடை 6.25 பாக்கெட் என்று வந்திருக்கிறது. சீடைப் பாக்கெட் எண்ணிக்கையை ‘ச’ என்றும் தேன்குழலை 45 − ச என்றும் வைத்தது சரி. அடைப்புக்குறியைப் பிரித்த இடத்தில்தான் வழுக்கிவிட்டீர்கள். 40(45 − ச) என்பது 1,800 − 40ச; நீங்கள் 1,800 − ச என்று எழுதியதால் 64ச = 400, விடை 6.25. கால் பாக்கெட்டை யார் விற்பார்கள்? அங்கேயே சந்தேகம் வந்திருக்கணும்.

65ச + 1,800 − 40ச = 2,200
25ச = 400, ச = 16

தேன்குழல் 29. சரிபார்க்க: 1,040 + 1,160 = 2,200.

மனக்கணக்காகவும் போடலாம். 45 பாக்கெட்டுமே தேன்குழல் என்றால் ₹1,800, குறைவது ₹400. ஒன்றைச் சீடையாக மாற்றினால் ₹25 கூடும். 400-ஐ 25-ஆல் வகுங்கள், அதே 16.